முஸவ்வதாவும் மசோதாவும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ரமளானின் இருபத்தொன்பதாம் நோன்பு. மஃரிபுத் தொழுகை முடிந்து, பெருநாள் பிறை பற்றிய செய்தியை எதிர்நோக்கி ஊரார் பள்ளிவாசல் முற்றத்தில் கூடியிருந்தனர். அவ்வேளையில், சிறு பருவத்தில் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் கைப்பேசியும் கையுமாக நம்மை அணுகினார். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பணியாற்றுபவர் அவர். அனைவரும் பிறைச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் கேட்டதோ வேறொரு செய்தி.

"ஹஜ்ரத், பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா சட்டசபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி விட்டதாம். இனி எங்களுக்கு அவ்வளவு நேரந்தானா?"

நாம் சற்றும் தாமதியாமல் விடையிறுத்தோம்: "நிறைவேறி விட்டது என்றால் முடிந்தது தம்பி. இனி அதுதான் சட்டம்."

அவர் முகம் வாடிற்று. வேலை முடிந்து மாலையில் கணினி வரைபட வகுப்பொன்றில் சேர்ந்து பயில அவர் ஓராண்டாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். பெருநாள் கழித்துத் திங்கட்கிழமை கட்டணம் செலுத்த வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து, கம்பெனிப் பேருந்தில் ஊர் திரும்பும் மனிதருக்கு மாலை ஏது, வகுப்பு ஏது? "பணத்தை வீணாக்க வேண்டாம்" என்றும் நாமே அவருக்கு உரைத்தோம். திங்கட்கிழமை அவர் கட்டணம் செலுத்தவில்லை. அவருக்குரிய இடம் வேறொருவருக்குப் போயிற்று. அதே திங்கட்கிழமை, ஏப்ரல் 24ஆம் நாள், அம்மசோதாவின் மீதான மேல்நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுவதாக அரசு அறிவித்தது. மே 1ஆம் நாள், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

ஓர் இளைஞரின் ஓராண்டை நம் ஒரு சொல் விழுங்கி விட்டது. அரபியும் தமிழும் முப்பதாண்டுக்கு மேலாகக் கற்பிப்பவர் நாம். "மசோதா" என்பது அரபிச் சொல் என்பதையும், அதன் பொருள் யாதென்பதையும் நாம் நன்கறிவோம். அறிந்தும் தவறான விடை பகர்ந்தோம். இக்கட்டுரை அத்தவற்றுக்கு நாம் செலுத்தும் கடன் என்று வாசக அன்பர்கள் கொள்வார்களாக.

கறுப்பு மையும் வெள்ளைப் படியும்

அரபியில் ஸீன், வாவ், தால் என்னும் மூன்று எழுத்துகளைக் கொண்ட வேர் கருமையைக் குறிப்பது. கஅபாவின் மூலையில் பதிக்கப்பெற்ற ஹஜருல் அஸ்வத், "கறுப்புக் கல்" என்னும் பெயர் பெற்றதும் இவ்வேரினால்தான். "ஸவ்வத" என்றால் கறுப்பாக்கினான். வெறுந்தாளில் மையால் எழுதித் தாளைக் கறுப்பாக்குவதையும் அரபியர் இச்சொல்லாலேயே வழங்கினர். அவ்வாறு கறுப்பாக்கப்பட்டது "முஸவ்வதா"; அதாவது அடித்தும் திருத்தியும் ஓரத்தில் சேர்த்தும் எழுதப்பெற்ற முதற்படி.

இதற்கு இணையாக மற்றொரு சொல்லும் உண்டு. பே, யே, ளாத் என்னும் வேர் வெண்மையைக் குறிப்பது. மாதந்தோறும் 13, 14, 15ஆம் பிறைகளில் நோன்பு நோற்கும் நாள்களை "அய்யாமுல் பீள்", வெண்ணிலா நாள்கள் என்று நம் இல்லங்களில் கூறக் கேட்டிருப்பீர்கள். அவ்வேரிலிருந்து பிறந்தது "முபய்யளா". அடித்தல் திருத்தல் நீங்கித் தூய வெண்தாளில் பெயர்த்தெழுதப்பெற்ற இறுதிப்படி என்பது இதன் பொருள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வருவதே நூலாக்கத்தின் பாதை என்று அரபி நூலோர் கருதினர்.

அப்பாதை எப்போதும் முடிவடைந்து விடுவதில்லை. இஸ்தான்புல் நகரத்துப் பேரறிஞர் ஹாஜி கலீஃபா, பல்லாயிரம் நூல்களின் பெயர்களையும் ஆசிரியர்களையும் தொகுத்து "கஷ்ஃபுள் ளுனூன்" என்னும் பெருநூலை இயற்றியவர். 1657ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, அந்நூலில் "தால்" எழுத்து வரையிலான பகுதியே வெள்ளைப்படியாகி இருந்தது. எஞ்சியது முஸவ்வதாவாகவே நின்றது. பிறரே அதனைச் செப்பனிட வேண்டியதாயிற்று. எழுதப்பட்டது வேறு, முடிவு பெற்றது வேறு என்னும் வேறுபாடு மத்ரஸாவில் ஓதியோர்க்குப் புதியதன்று.

இந்த முஸவ்வதாவே பாரசீகக் கச்சேரிகளிலும் உருதுவிலும் புழங்கி, தமிழில் "மசோதா" ஆயிற்று. ஆங்கிலேயர் இதனைக் குறிக்கும் "பில்" என்னும் சொல், முத்திரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததென்பர். முத்திரையிட்ட ஓலைக்கு உரிய பெயரை அவர்கள் முதற்படிக்கு வைத்தனர். நமக்கு வாய்த்த சொல்லோ இன்னும் மை உலராத தாளையே காட்டி நிற்கிறது. பிற்காலத்துத் தமிழறிஞர் ஆக்கிய "சட்டமுன்வடிவு" என்பதும் இப்பொருளையே பழுதறத் தருகின்றது. சட்டம் உருப்பெறுவதற்கு முன்னைய வடிவம் அது, சட்டமே அன்று.

நவாபின் கச்சேரி வழியே

அரபிச் சொற்கள் தமிழுக்கு இரு வழிகளில் வந்தன. ஒன்று கடல் வழி. மற்றொன்று கச்சேரி வழி. எச்சொல் எவ்வழியே வந்ததென்று அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. அதுவே "ளாத்" என்னும் எழுத்து.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளில் அரபியரோடு நேரே பழகிய நம் முன்னோர், ளாத் எழுத்தைத் தமிழின் ளகரத்தால் ஒலித்தனர். ரமளான், பர்ளு, உளூ, களா என்று நாம் இன்றும் சொல்வது அம்மரபு. பாரசீகரும் அவர் வழி வந்த வடநாட்டாரும் அதே எழுத்தை வேறுவிதமாக ஒலித்தனர். அவ்வொலி தமிழ் நாவில் ஜகரமாயிற்று. ஹாளிர் என்பது "ஆஜர்" ஆயிற்று. மஹ்ளர் என்பது "மகஜர்" ஆயிற்று. ளாமின் என்பது "ஜாமீன்". ளப்த் என்பது "ஜப்தி". ளில்உ என்பது "ஜில்லா". இசைவைக் குறிக்கும் ராளீ என்னும் சொல்லோடு, எழுத்தைக் குறிக்கும் பாரசீக "நாமா" சேர்ந்து "ராஜினாமா" ஆயிற்று. மாணவர் நம்மை அழைக்கும் "ஹஜ்ரத்" என்பதும் இவ்வாறு வந்ததே. ஆஜர், மகஜர், ஹஜ்ரத் மூன்றும் "முன்னிலை" என்னும் ஒரே வேரின் கிளைகள்.

இதனால் விளங்குவது யாது? தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய சொற்கள் கடல் வழி வந்தன. வரிக்கும் வழக்குக்கும் ஆட்சிக்கும் உரிய சொற்கள் கச்சேரி வழி வந்தன. அக்கச்சேரிகளில் ஒன்று நம் வட்டாரத்திலேயே தன் பெயரை நிறுத்திச் சென்றிருக்கிறது. ஒரகடம் நாற்சந்தியில், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் குறுக்கிடுகின்றன. மகிழுந்து, கனரக வண்டி, சக்கரம், கைப்பேசி என்று உலகச் சந்தைக்கான பொருள்களை ஏற்றிய பாரவண்டிகள் இரவும் பகலும் அச்சாலைகளில் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றின் முனையில் நிற்கும் வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலியின் "வாலாஜா" என்னும் பட்டத்தைத் தாங்கிய ஊர். உயர்ந்த மதிப்பினர் என்பது அதன் பொருள்.

அந்நவாப் 1763ஆம் ஆண்டு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். காஞ்சிபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் உத்திரமேரூரும் அதனுள் அடங்கியிருந்தன. 1801இல் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது. ஆளுவோர் மாறினர், கச்சேரியின் சொற்கள் மாறவில்லை. தாசில்தாரும் தாலுகாவும் இலாகாவும் அமலும் ரத்தும் அப்படியே நின்றன. வெள்ளைக்காரத் துரைகள் சட்டசபை நிறுவியபோது, "பில்" என்பதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் அதே கச்சேரிச் சொல்லான மசோதாவை எடுத்தாண்டன.

உத்திரமேரூர்க் கல்லில்

ஆயினும், அவை கூடி முடிவெடுக்கும் வழக்கம் இம்மண்ணுக்கு நவாபோ துரையோ தந்ததன்று. வாலாஜாபாத்திலிருந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்கு வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது; மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊர் மகாசபையின் வாரியங்களுக்கு ஆள்களைத் தெரிந்தெடுக்கும் முறை அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். நன்மை தீமை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை அனைவரும் கேட்க வாசிக்க வேண்டும். வேறோர் ஓலையை விரலிடுக்கில் ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே கையை விரிக்கச் சொன்னார்கள் என்பது வெளிப்படை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட இயலாது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை.

இம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவோர் ஒன்றை மறந்து விடுகின்றனர். அது வேதம் கற்ற நிலவுடைமையாளரின் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையோர்க்கே ஓலையில் பெயர். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும், பெண்களுக்கும் அதில் பங்கில்லை. எனினும் அக்கல்வெட்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. நடைமுறை என்பது வெறுஞ்சடங்கன்று. விரித்த கையும், உரக்க வாசித்த ஓலையும், கணக்கு முடித்த கட்டுப்பாடும் ஊராரைக் காக்கும் வேலிகள். அவ்வேலியின் பயனோ அதனை அறிந்தவர்க்கே உரியது. அதனாற்போலும் அதனைக் கல்லில் வெட்டி, யாவரும் காணும் இடத்தில் வைத்தனர்.

மன்றம் தமிழ் பேசிய வரலாறு

ஆங்கிலேயர் காலத்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னையில் சட்டசபை தோன்றியது. கவர்னருக்கு ஆலோசனை கூறும் நியமன அவை அது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னர், 1920இல் தேர்தல் நடந்து 1921 ஜனவரியில் புதிய சபை கூடிற்று. 1937இல் மேலவை, கீழவை என இரண்டாயிற்று. 1986 நவம்பர் 1ஆம் நாள் மேலவை நீக்கப்பட்டது; இப்போது பேரவை ஒன்றே உள்ளது.

சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடத்தாரும் உருது பேசுவோரும் ஒருங்கே இருந்தமையால், அவையின் நடைமுறைமொழி ஆங்கிலமாகவே நின்றது. 1953இல் ஆந்திரம் பிரிந்து, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின்னரே அவை தமிழில் இயங்க வழி பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் இயற்றப்பட்டது. அதற்கும் முன்னரே, 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழுந்தபோது, இந்நாட்டில் பேசப்படும் மொழிகளுள் தொன்மையானவை திராவிட மொழிகள், சிறப்பாகத் தமிழ், என்று எடுத்துரைத்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் ஆவார். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவரும் அவரே.

தமிழில் ஆக்கப்பெற்ற அவைச்சொற்கள் பல மூலத்தையும் விஞ்சி நிற்கின்றன. இங்கிலாந்தில் 1377இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு என்பார் "ஸ்பீக்கர்" என்னும் பட்டம் பெற்றார். மக்கள் அவையின் கருத்தை மன்னனிடம் சென்று பேசுபவர் என்பதால் அப்பெயர். இன்று அப்பதவியில் இருப்பவர் பிறரைப் பேச அழைப்பவரேயன்றித் தாம் வாதிடுபவர் அல்லர். நம் முன்னோர் அதனைப் "பேசுபவர்" என்று மொழிபெயர்க்காமல், "சபாநாயகர்" என்றனர். பின்னர் "பேரவைத் தலைவர்" என்றனர். தொழிலுக்கேற்ற பெயர் தமிழில்தான் அமைந்தது.

ஆங்கில வேட்டையில் நாய்க்கூட்டம் சிதறாமல் சவுக்கால் மறித்து ஒன்றுசேர்ப்பவனின் பெயரே, கட்சி உறுப்பினரைக் கட்டிக்காக்கும் பதவிக்கு ஆயிற்று. தமிழிலும் சவுக்கைக் குறிக்கும் "கொறடா" என்பதே நிலைத்து விட்டது. வினா விடைக்குப் பின், முன்னறிவிப்பில்லாமல் அவசரச் செய்திகளை எழுப்பும் பொழுதுக்கு "நேரமில்லா நேரம்" என்று பெயரிட்டவர் சொல்நயம் உணர்ந்தவரே. மானியக் கோரிக்கையின்போது வரும் "வெட்டுத் தீர்மானம்" என்பதைக் கேட்போர், கோடிக்கணக்கில் பணத்தை வெட்டப் போவதாக எண்ணுவர். நாடாளுமன்ற மரபில், குறித்த ஒரு குறையை அவையில் எழுப்ப வெட்டக் கோருவது 100 ரூபாய் மட்டுமே. ஏரி தூர்ந்தது, பேருந்து வரவில்லை, மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்று ஒரு சிற்றூரின் முறையீட்டை அமைச்சரின் காதில் விழச் செய்யும் கதவு அந்த நூறு ரூபாய். கவன ஈர்ப்பும் ஒத்திவைப்புத் தீர்மானமும் இத்தகைய கதவுகளே.

ஆம் என்போரும் இல்லை என்போரும்

இனி, அவ்விளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அன்று நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். வயது வந்த தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அதன் வரம்பு. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இருமடங்கு ஊதியம். 2023ஆம் ஆண்டு மசோதா, 65ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, இவ்வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்க முற்பட்டது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விரும்பும் தொழிலாளருக்கே இது பொருந்தும், நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று அரசு விளக்கமளித்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா என்று தொழிற்சங்கத்தார் வினவினர். ஆளுங்கட்சியின் தோழமையில் இருந்த இரு பொதுவுடைமைக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

குரல் வாக்கெடுப்பு என்பது யாது? அவையின் முன் உள்ள பொருளைத் தலைவர் எடுத்துரைத்து, ஏற்போர் "ஆம்" என்றும் மறுப்போர் "இல்லை" என்றும் கூறுமாறு கேட்பார். எக்குரல் மிகுதி என்று தம் செவியால் முடிவு செய்து அறிவிப்பார். அம்முடிவில் ஐயமெழுப்பி எண்ணிக்கை கோரினால், உறுப்பினரை எண்ணிக் கணிக்க இடமுண்டு. இந்திய அரசமைப்பின் 189ஆம் பிரிவின்படி, வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவு. எனவே வெளிநடப்புச் செய்தவர் "இல்லை" என்று சொன்னவராகக் கணக்கில் வாரார். அன்று ஆளுங்கட்சிக்குத் தனித்தே பெரும்பான்மை இருந்தமையால், வெளிநடந்தோர் உள்ளே அமர்ந்து வாக்களித்திருப்பினும் முடிவு மாறியிராது. வெளிநடப்பு என்பது உள்ளே எண்ணிக்கைக்காகச் செய்வதன்று. வெளியே உள்ளோர் கேட்பதற்காகச் செய்வது. அம்முறை வெளியே உள்ளோர் கேட்டனர். மூன்றே நாளில் நடவடிக்கை நின்றது அதனால்தான்.

"நிறைவேறிற்று" என்னும் சொல்லில்தான் நாம் இடறினோம். தமிழில் நிறைவேறுதல் என்றால் முற்றுப் பெறுதல். நேர்ச்சை நிறைவேறிற்று, கடமை நிறைவேறிற்று என்கிறோம். அதற்குப்பின் எஞ்சுவது ஏதுமில்லை. அவையின் வழக்கிலோ, நிறைவேறுதல் என்பது அந்த அவையளவில் முடிவுற்றது என்பது மட்டுமே. பின்னும் படிகள் உண்டு. 200ஆம் பிரிவின்படி அது ஆளுநர் முன் செல்ல வேண்டும். அவர் இசைவளிக்கலாம், இசைவை நிறுத்தி வைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் ஆய்வுக்கென ஒதுக்கலாம். தமிழ்நாட்டுப் பேரவை நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் நெடுநாள் காத்துக் கிடந்தமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாடறியும். தொழிலாளர் நலமோ மத்திய அரசும் மாநில அரசும் ஒருங்கே சட்டமியற்றும் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். அதில் மத்தியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் இயற்றும் திருத்தம் செல்ல வேண்டுமாயின், 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் இசைவும் வேண்டும்.

மூன்று சொற்கள்

இசைவு பெற்ற பின்னரும் ஒரு படி எஞ்சலாம். அதற்குரிய சொல்லும் அரபிச் சொல்லே. "அமல்" என்றால் செயல். அறிவு இருந்தும் அமல் இல்லையேல் பயனில்லை என்று ஜும்ஆ மேடைகளில் ஆண்டு முழுதும் கேட்கிறோம். சட்டத்துக்கும் அதுவே நியதி. நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்கு அம்மாதமே குடியரசுத் தலைவர் இசைவளித்தார். ஆயினும் அவை அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21ஆம் நாளில்தான். ஐந்தாண்டு காலம் அவை சட்டமாக இருந்தன, அமலாக இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை இப்போது அத்தொகுப்புகளுள் ஒன்று எடுத்துக்கொண்டுள்ளது.

மூன்றாவது சொல் "ரத்து". "ரத்த" என்றால் திருப்பினான், மறுத்தான். உயிரோடிருந்த சட்டம் ஒழிக்கப்படுவதே ரத்து. 2023 மே மாதத்தில் நம் ஊர்த் தேநீர்க்கடையில் "சட்டம் ரத்தாயிற்று" என்று பேசிக்கொண்டனர். ரத்தாவதற்கு அது சட்டமாகவே இல்லை. நடந்தது "வாபஸ்". அது பாரசீகச் சொல். திரும்பப் பெறுதல் என்பது பொருள். எழுதியவர் தம் முஸவ்வதாவைத் தாமே எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

மசோதா, அமல், ரத்து: ஒரு சட்டத்தின் கருநிலையும் வாழ்வும் முடிவும் இம்மூன்று அரபிச் சொற்களில் அடங்கி விடுகின்றன. இம்மூன்றின் வேர்களையும் மாணவருக்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் அறியாதிருந்தோம். அகராதி அறிவு நம்மைக் காக்கவில்லை. நம்மை நம்பியவரையும் காக்கவில்லை.

படிகள் அனைத்தையும் கடந்து வெள்ளைப்படியான மசோதாக்களும் உண்டு. கடைகளில் பணிபுரிவோர் நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும் என்னும் திருத்தம், 2021 செப்டம்பரில் இதே பேரவையில் கொண்டுவரப்பட்டுச் சட்டமாயிற்று. நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் துணிக்கடைகளிலும் காலணிக் கடைகளிலும் வேலை பார்க்கின்றனர். அச்சட்டம் இருக்கிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? வராத சட்டத்துக்கு அஞ்சி ஒருவர் படிப்பை விட்டார்; வந்த சட்டத்தை அறியாமல் பலர் இன்னும் நிற்கின்றனர். இரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

நம் மஹல்லா ஜமாஅத் கூட்டங்களில் தீர்மானம், முன்மொழிதல், வழிமொழிதல் என்னும் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. ஆண்டுக் கணக்கை வாசிக்கும்போது "ஆம்" என்று குரல் கொடுத்து விட்டு வீடு திரும்புகிறோம். குரல் வாக்கெடுப்பு நமக்குப் புதியதன்று; அதன் பொருளை ஆராயாமல் குரல் கொடுப்பதும் புதியதன்று. வீட்டில் செய்தித்தாள் வாசிக்கும் பிள்ளைகளிடம், இம்மசோதா இப்போது எப்படியில் நிற்கிறது, அறிமுகமா, ஆய்வா, நிறைவேற்றமா, இசைவா, அமலா என்று பெற்றோர் கேட்கப் பழக வேண்டும். இவ்வொரு கேள்விக்கு விடை காணும் பிள்ளை, தேர்வுக்குப் படித்ததைக் காட்டிலும் கூடுதலாகக் கற்றிருக்கும்.

அவ்விளைஞரிடம் நாம் சென்று நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். "பரவாயில்லை ஹஜ்ரத், அடுத்த வருஷம் சேர்ந்துகொள்கிறேன்" என்றார். சொன்னபடியே அடுத்த ஆண்டு சேர்ந்தார். அவர் சேர்ந்த வாரத்தில் நம் வகுப்புக் கரும்பலகையில் "முஸவ்வதா" என்றெழுதி, அதன் எதிரே "முபய்யளா" என்றெழுதினோம். இரண்டுக்கும் நடுவே ஐந்து கோடுகள் இட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு படியின் பெயரைக் குறித்தோம். அரபி இலக்கணப் பாடத்தில் இது எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். இதுவும் இலக்கணந்தான் என்று விடையிறுத்தோம்.